காய்ந்த தோலுக்கு வெயில்நிறம்

எங்கள் பக்கத்தில் மாட்டுக்காரன் கல்யாணம் செய்துகொள்ள வருடத்தில் ஒரே ஒரு வேளைதான் வாய்க்கும். டிசம்பரில் மாடுகளுக்குப் பால் வற்றிவிடும். பிப்ரவரி பிறந்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கன்று ஈனத் தொடங்கும். நடுவில் கிடக்கிற ஜனவரியில்தான் அவன் கையைக் கழுவிக்கொண்டு தேவாலயத்துப் பக்கம் எட்டிப்பார்க்க முடியும். உனக்கு ஜூன் மாதம் பிடிக்குமா, ரோஜா பிடிக்குமா என்று மணப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. மாடு குறித்துக் கொடுக்கிற தேதிதான் முகூர்த்தம்.

அதனால் என் பாடு திண்டாட்டம். என் பெயர் நூலா, பெண்களுக்கு வெயில்நிறம் பூசுகிறவள். அயர்லாந்தில், லிமெரிக் நகரத்துக்குத் தெற்கே, புல்லும் மழையும் தவிர வேறொன்றும் விளையாத இந்த வட்டாரத்தில், கல்யாணமோ நடனப்போட்டியோ எதுவானாலும், ஸ்பெயினில் ஒரு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு வந்தவளைப் போலத் தெரியாமல் எவளும் புகைப்படத்துக்கு நிற்கமாட்டாள். உலகத்தில் வேறெங்கோ பெண்கள் வெளுக்கவேண்டும் என்று கிரீம் பூசுகிறார்களாம். அவர்களையும் எங்களையும் ஒருநாள் ஒரே மேசையில் உட்காரவைத்து டீ கொடுக்க வேண்டும்.

பூசுவது பெரிய வேலை இல்லை. தோலைத் தயார் செய்வதுதான் உயிரை வாங்கும். ஜனவரித் தோல் வறண்டு, செதில் செதிலாக, சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும். காய்ந்த தோல் நிறத்தைக் குடிக்கும். முழங்கை, முழங்கால், கணுக்கால், விரல் முட்டி, இந்த இடங்களெல்லாம் பேராசையோடு குடித்துவிட்டுச் சேறு அப்பினது மாதிரி நிற்கும். அதனால் ஒரு வாரம் முன்பே தொடங்கி, முரட்டுக் கையுறை போட்டுத் தேய்த்து, செத்த தோலை உதிர்த்து, காலையும் மாலையும் கிரீம் பூசி ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது. சோப்பு கூடாது. ப்ளீச் பக்கமே போகக் கூடாது. இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். யார் கேட்கிறார்கள்?

டெர்வலா கேட்கத்தான் நினைத்தாள் பாவம். ஊரில் பல் மருத்துவரிடம் வரவேற்பில் உட்காரும் பெண். குள்ளம், மெலிசு, சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். மாட்டுப் பண்ணைக்காரன் ஃபெர்கல் டூமிக்கு நிச்சயமாகியிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய திங்கட்கிழமை என் வீட்டுக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.

"இது என்னடி கை? உப்புத்தாள் மாதிரி இருக்கு. நீ பல் டாக்டர்கிட்ட வேலை பாக்குறியா, சுண்ணாம்புக் காளவாயில வேலை பாக்குறியா?"

"கன்னுக் கொட்டில் கழுவறோம் நூலா. பிப்ரவரிக்கு முன்னாடி எல்லாம் சுத்தமா இருக்கணும்ல. ஃபெர்கலோட அம்மா மிஸஸ் டூமிக்கு ப்ளீச் போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தித் தேய்ச்சாத்தான் மனசு ஆறும்."

"தேய்க்கிறது யாரு?"

"அவங்களுக்கு இடுப்பு வலி."

முழங்காலைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் மண்டிபோட்டுப் போட்டு, இரண்டும் வெடித்த தோலோடு, சாம்பல் நிறத்தில் இருந்தன. கல்யாணத்துக்கு முன்பே மருமகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று புரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்க வந்தது என் கோபத்தை இல்லை, கிரீமை.

எல்லாவற்றுக்கும் காரணம் அவளுடைய சின்னக் கைகள்தான். போன வருடம் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டது. ஃபெர்கலின் கை மண்வெட்டி அகலம், உள்ளே போகவில்லை. மாட்டு டாக்டர் வேறெங்கோ இருந்தார். அன்றைக்கு அங்கே டீ குடிக்க வந்திருந்த டெர்வலா கையை விட்டு, தடவித் தடவி, கன்றைத் திருப்பி எடுத்துவிட்டாள். அதோடு முடிந்தது அவள் கதை. ஃபெர்கலின் அம்மா கன்செப்டா, ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நிற்கிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அடுத்த மாதம் மோதிரம் வந்தது. மோதிரம் விரலுக்கா, கைக்கா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

ஃபெர்கல் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவளைப் பார்த்தால் காதுவரை சிவப்பான். ஆனால் அம்மா இருமினால் எழுந்து நிற்பான்.

முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது டெர்வலா சொன்னாள். "லான்சரோட்டேல புல்லே கிடையாதாம் நூலா. அந்த ஸ்பெயின் தீவு முழுக்க எரிமலைக் கல்லுதானாம். கறுப்புக் கல்லு. புல் இல்லன்னா மாடு இல்ல. மாடு இல்லன்னா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"தேனிலவுக்கு அங்கதான் போறீங்களா?"

"அடுத்த திங்கட்கிழமை ப்ளேன். பத்து நாள்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், என் வீட்டில் யாரோ ஒளிந்து கேட்பதுபோல. "அங்க வெச்சு ஃபெர்கல்கிட்ட பேசிடப் போறேன். ஊருக்குள்ள ஒரு சின்ன வீடு வாடகைக்கு இருக்கு. அவன் காலையில பண்ணைக்கு வந்துக்கட்டும், நான் என் வேலைக்குப் போறேன். இங்க இதைப் பேசவே முடியல. வாயைத் திறந்தா ஏதாவது ஒரு மாடு குறுக்க வந்துடும். மாடு வரலன்னா அவங்க அம்மா வந்துடுவாங்க. அந்தப் பத்து நாள் மட்டும் கிடைச்சா போதும் எனக்கு."

"கிடைக்காம என்னடி? டிக்கெட் எடுத்தாச்சுல்ல?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு," என்றாள், கண் இரண்டும் காணாமல் போக.

கிரீம் டப்பாவும் பருத்திக் கையுறையும் கொடுத்தேன். படுக்கும்போது கையிலும் காலிலும் அப்பிக்கொண்டு, கையுறையும் காலுறையும் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வந்தபோது தோல் கொஞ்சம் மிருதுவாகியிருந்தது. புதன்கிழமை வந்தபோது விரலெல்லாம் கருஞ்சிவப்பு.

"என்னடி இது?"

"அயோடின். ஒரு பசு முன்கூட்டியே போட்டுடுச்சு. கன்னுத் தொப்புளுக்கு வைக்கணும்ல." குற்றவாளி மாதிரி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

பொறுக்கவில்லை. கன்செப்டாவுக்கே போன் போட்டேன். "கன்செப்டா, இந்த ஒரு வாரம் பொண்ணைக் கொட்டில் பக்கம் விடாதே. கையில தண்ணி, மருந்து எதுவும் படக் கூடாது. நான் என்ன பாடு படறேன் தெரியுமா?"

"நூலா, கல்யாணம்னு கன்னுக்குத் தெரியுமா?" என்றாள் கன்செப்டா, நிதானமாக. "உன் பூச்சுக்காக நான் தொழுவத்துக்குப் பூட்டுப் போடவா? கையுறை போட்டுக்கிட்டுத்தான் செய்யறா. நீ உன் வேலையைப் பாரு, கண்ணு."

அவள் 'கண்ணு' என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நாங்கள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அப்போதும் அப்படித்தான்.

வியாழக்கிழமை உறைபனியில் டெர்வலாவின் அம்மா வீட்டில் குழாய் வெடித்துவிட்டது. அந்த வீடு ஏற்கெனவே பாஸ்டனிலிருந்து வந்த அத்தை, அத்தையின் பெண்கள், அவர்களுடைய பெட்டிகள் என்று நிரம்பி வழிந்தது. இப்போது தண்ணீரும் இல்லை. என் வீட்டுக் கணப்போ தும்மினால் அணைந்துவிடும் ரகம். "எங்க முன்னறை சும்மாத்தானே இருக்கு. அங்க பூசிக்கட்டும்," என்று கன்செப்டா சொல்லி அனுப்பினாள். பெருந்தன்மைதான். வெள்ளிக்கிழமை மதியம் நிறம் தெளிக்கிற என் மெஷினையும், தெளிப்பு சிதறாமல் பெண்ணை உள்ளே நிறுத்துகிற கூடாரத்தையும் காரில் போட்டுக்கொண்டு டூமி பண்ணைக்குப் போனேன்.

என் கூடாரம் கறுப்புத் துணி. பையிலிருந்து எடுத்து வீசினால் தானே விரிந்து நின்றுகொள்ளும். திருப்பி மடிக்கத்தான் எனக்கே வருடக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. கன்செப்டாவின் முன்னறையில், பாதிரியார் வந்தால் மட்டும் திறக்கிற அந்த அறையில், கண்ணாடி அலமாரிக்கும் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கும் நடுவில் அதை நிறுத்தினேன். டெர்வலா உடையைக் கழற்றினாள். காகித உள்ளாடையும் தலையில் பிளாஸ்டிக் தொப்பியும் மாட்டிக்கொண்டு உள்ளே நின்றாள். பாதத்துக்கு அடியில் ஒட்டுத் தாள். முழங்கையிலும் முழங்காலிலும் விரல் முட்டிகளிலும் நிறம் அதிகம் ஏறாதபடி கிரீமைத் தடவினேன். வாரம் முழுக்கப் போராடியும் அந்த இடங்கள் சொரசொரப்பாகவே இருந்தன.

கன்செப்டா தட்டாமல் கதவைத் திறந்தாள். நாற்காலியில் கிடந்த ஜீன்ஸையும் சட்டையையும் இரண்டு விரலால் தூக்கினாள். "கொட்டில் நாத்தம் அடிக்குது. துவைக்கிற மெஷின்ல போட்டுடறேன். நாளைக்கு மணப்பொண்ணு, இப்படியா?"

"வேண்டாம் மிஸஸ் டூமி, நான் திரும்பிப் போகணும்ல..."

"காய்ஞ்சதும் போயேன். இன்னும் என்ன மிஸஸ் டூமி? நாளையில இருந்து மம்மி." கதவைச் சாத்தினாள். டெர்வலா என்னைப் பார்த்தாள். நான் மெஷினில் நிறத்தை ஊற்றினேன். கன்செப்டாவிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பூச ஆரம்பித்தேன். மெஷின் சத்தம் காதைப் பிளக்கும், ஒரு வீடு முழுக்கத் தூசி உறிஞ்சுகிற சத்தம். "கையை அகட்டு. மூச்சை அடக்கு. திரும்பு. குனியாதே." பனிமூட்டம் மாதிரி தெளித்த தெளிப்பில் வெளுத்த உடம்பு மெல்ல மெல்ல பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. பிஸ்கட் வாசனையும் வந்தது. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றுக்கு முன் கொஞ்சம் காய வேண்டும். மெஷினை நிறுத்தினேன்.

அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவே சுவரில் தட்டு நீட்டுகிற சின்னக் கதவு ஒன்று உண்டு. மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று அங்கே உரக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மெஷின் நின்றதை அவர்கள் கவனிக்கவில்லை.

"...டிக்கெட்டை ரத்து பண்ணினதை அவகிட்ட எப்போ சொல்லப் போற?" கன்செப்டாவின் குரல்.

"நாளைக்கு. விருந்து முடிஞ்சதும் சொல்லிக்கறேன். இப்ப சொன்னா அழுவா, மம்மி." இது ஃபெர்கல்.

"அழுதா அழுதுட்டுப் போறா. மூணு கிடேரி முன்கூட்டியே, வர்ற வாரத்துக்குள்ள போடப் போகுது. இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு நான் குனியவா? உன் கைதான் உள்ள போகுமா? அவ கை வேணும்டா இங்க."

"வெயில் வெயில்னு ஆசைப்பட்டா, பாவம்."

"நிறம்தான் பூசியாச்சே. இனிமே அவளுக்கு வெயில் எதுக்கு?"

கன்செப்டா சிரித்தாள். ஃபெர்கலும் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, அம்மாவுக்காகச் சிரித்த சிரிப்பு. ஆனால் சிரித்தான்.

கூடாரத்துக்குள் டெர்வலா இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு நின்றபடியே நின்றாள். கையைக் கீழே போட முடியாது, அக்குளில் ஒட்டிக்கொள்ளும். உட்கார முடியாது. முகத்தை மூட முடியாது. ஓட, உடம்பில் துணி இல்லை. துணி சமையலறையில், அவர்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில், துவைக்கிற மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் தளும்பியது. கன்னத்தில் இறங்கினால் வெள்ளைக் கோடு விழும், நாளைக்கு ஊர் முழுக்கப் பார்க்கும். பஞ்சை எடுத்து அவள் கண் ஓரத்தில் ஒற்றினேன். இடது கண், வலது கண், மறுபடி இடது கண். அழக்கூட இடம் கொடுக்காத ஒரு வேலையையா இத்தனை வருடம் செய்துகொண்டிருக்கிறேன் என்று வெறுப்பாக இருந்தது.

"நூலா," என்றாள், உதடு அசையாமல். "இப்போ குளிச்சா போயிடுமா?"

"இப்போ குளிச்சா போயிடும். காலையில குளிச்சா போகாது. ராத்திரியில ஊறிடும்."

"குளியலறைக்கு எப்படிப் போறது?"

"சமையலறை வழியாத்தான்."

அவள் யோசித்தாள். அவள் யோசித்ததை என்னாலும் பார்க்க முடிந்தது. பாஸ்டன் அத்தை, ஹோட்டலில் விரித்த மேசைகள், கல்யாணத்துக்கென்று அம்மா வாங்கின நீலத் தொப்பி, பாதிரியார், கேக்.

"என் கோட் கார்ல இருக்கு. எடுத்துட்டு வரேன். போட்டுக்கிட்டுக் கிளம்பு. கார் கறை ஆனா ஆகட்டும்," என்றேன்.

அவள் அகட்டி வைத்திருந்த தன் கைகளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ரெண்டாவது சுத்துப் போடுங்க."

"அடிப் பாவி."

"போடுங்க நூலா. இப்போ போய் யார்கிட்ட என்ன சொல்றது? முன்னறையில அம்மணமா நின்னுக்கிட்டு?"

மெஷினைப் போட்டேன். அந்த இரண்டாவது சுற்றை நான் பூசியதுபோல வாழ்க்கையில் வேறெதையும் ஆத்திரத்தோடு செய்ததில்லை. நான் சொல்வதற்கு முன்பே அவள் திரும்பினாள், சொல்லாமலே மூச்சை அடக்கினாள். இவ்வளவு அடக்கமாக ஒருத்தி நின்றால் பூசுகிறவளுக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டும். எனக்கு இல்லை.

மெஷினை நிறுத்தின கையோடு கதவு இடிபட்டது.

"டெர்வலா!" ஃபெர்கல் மூச்சு வாங்கினான். "கிடேரி தள்ளுது! ஒரு கால்தான் வெளியில வந்திருக்கு, இன்னொண்ணு உள்ள மடிஞ்சு கிடக்கு. என் கை போகல. டாக்டர் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். கை வேணும்!"

நீ வேணும் என்று சொல்லவில்லை. கை வேணும் என்றான். பயத்தில் சொன்னான், யோசித்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கசந்தது.

கன்செப்டா உள்ளே நுழைந்து, ஃபெர்கலின் பழைய நீல மேலங்கியைக் கூடாரத்துக்குள் வீசினாள். "மாட்டிக்கிட்டு ஓடு, கண்ணு."

"கன்செப்டா, தண்ணி பட்டா எல்லாம் போயிடும். இன்னும் காயவே இல்ல," என்றேன்.

"உன் பெயிண்ட் காயற வரைக்கும் கன்னு மூச்சை அடக்கிக்கிட்டு இருக்குமா?"

டெர்வலாவின் தோளைப் பிடிக்கப் போய், நிறம் கலையுமே என்று கையை இழுத்துக்கொண்டேன். அப்படிப் பழகிப்போன கை. "போகாதேடி," என்று மட்டும் சொன்னேன்.

"கிடேரி என்ன பண்ணும், பாவம்," என்றாள். மேலங்கியை மாட்டிக்கொண்டு, வாசலில் கிடந்த கன்செப்டாவின் ரப்பர் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கொட்டிலில் அந்தக் கிடேரி கழுத்துக் கம்பியில் மாட்டி நின்று, கண் பிதுங்க முனகிக்கொண்டிருந்தது. முதல் ஈற்று. பின்னால் ஒற்றைக் குளம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டெர்வலா மேலங்கியின் வலது கையைத் தோள்வரை சுருட்டினாள். வைக்கோலில் மண்டிபோட்டாள். ஃபெர்கல் வழவழப்பு மருந்தை அவள் கையில் ஊற்றினான். பழுப்பு மினுங்கிய கை முழங்கைவரை, பிறகு அதற்கும் மேலே, உள்ளே போனது. கன்னத்தை மாட்டின் தொடையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"முட்டி மடிஞ்சிருக்கு. இரு... இரு கண்ணம்மா, தள்ளாதே." இது மாட்டிடம். "குளம்பை உள்ளங்கையில மூடிக்கிட்டேன். கிழிக்காது. ஃபெர்கல், வாலைத் தூக்கிப் பிடி, நான் தலையைப் பின்னாடி தள்ளறேன். மெதுவா. இன்னும் மெதுவா. வந்துடுச்சு."

இரண்டு குளம்பும் வெளியே வந்தன. கயிறு மாட்டினார்கள், ஃபெர்கல் இழுத்தான், அவள் வழிநடத்தினாள். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூச்சு இல்லை. டெர்வலா வைக்கோல் தட்டையை எடுத்து அதன் மூக்குக்குள் விட்டுக் குடைந்தாள். கன்று தும்மியது, தலையை உதறியது. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். மாட்டுக்காரன் மகள்தானே நானும்.

டெர்வலா எழுந்து நின்றாள். இடது கை பழுப்பு. வலது கை தோளிலிருந்து விரல்வரை வெள்ளையும் பழுப்பும் ரத்தமுமாக வரிவரியாக இருந்தது. மேலங்கி உரசின இடமெல்லாம் கழுத்தில் திட்டுத் திட்டாகப் போயிருந்தது.

கன்செப்டா அந்த வலது கையைப் பிடித்து உயர்த்தினாள், பூசை முடிந்த வாசலில் செய்வதுபோலவே. முகமெல்லாம் பெருமை. அவள் நடிக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். "பாத்தியா நூலா? இந்தக் கையைக் கொண்டுபோய்க் கடற்கரை மணல்ல போட்டு வெச்சா அடுக்குமா?"

"மம்மி," என்றான் ஃபெர்கல்.

டெர்வலா கையை விடுவித்துக்கொண்டாள். "பரவாயில்ல ஃபெர்கல். கேட்டுச்சு. மெஷின் நின்னது உங்களுக்குத் தெரியல."

கம்பியிலிருந்து விடுபட்ட கிடேரி திரும்பிக் கன்றை நக்கியது. ஃபெர்கலின் முகம் காதுவரை சிவந்தது.

"நான் சொல்லத்தான் இருந்தேன், டெர்வலா. சத்தியமா."

"சரி. இப்போ நான் கேக்கறேன், நீ சொல்லு. திங்கட்கிழமை வேற டிக்கெட் கிடைக்கும். நீ என்கூட ப்ளேன்ல ஏறுவியா, மாட்டியா? இந்த மாட்டையெல்லாம் பாத்துக்க ஆள் கிடைக்கும். உங்க அம்மாகிட்ட கேக்காதே. என்னைப் பாத்துச் சொல்லு."

அவன் அவளைத்தான் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். பிறகு கம்பிக்கு அப்பால் வயிறு கனத்து நின்ற கிடேரிகளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறந்த கன்று தள்ளாடி நகர்ந்து, அவன் தொங்கவிட்டிருந்த விரலைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்தது. அவன் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.

"மார்ச் கடைசியில வேணா..." என்றான்.

டெர்வலா தலையை ஆட்டினாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. கொட்டிலைத் தாண்டி, பால் கறக்கும் கூடத்துக்குப் போனாள். தரை கழுவுகிற வெந்நீர்க் குழாய் அங்கே சுவரில் சுருண்டு தொங்கும். மேலங்கியைக் கழற்றி வீசினாள். காகித உள்ளாடையும் பூட்ஸும் பிளாஸ்டிக் தொப்பியுமாக நின்று, குழாயைத் திறந்து தன் தலைமேலேயே பிடித்துக்கொண்டாள். நான் கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். ஆவி எழும்பியது. பழுப்புத் தண்ணீர் அவள் முதுகிலும் காலிலும் ஓடி, சிமெண்டுத் தரையில் பரவி, சாணி போகிற வாய்க்காலில் இறங்கியது. இப்போது அழுதாள். நன்றாக, சத்தம் போட்டு, கன்னத்தில் கோடு விழுமே என்று கவலைப்படாமல் அழுதாள்.

என் தோளுக்கு மேலாகக் கன்செப்டா எட்டிப் பார்த்தாள். "ஐயோ! நிறமெல்லாம் போகுதே! நாளைக்குப் படத்துல வெள்ளை வெளேர்னு நிப்பியே!"

"போகட்டும் மிஸஸ் டூமி," என்றாள் டெர்வலா, தண்ணீருக்குள்ளிருந்து. "நான் வெயில்லயே போய்க் கருத்துக்கறேன்."

கன்செப்டாவுக்கு அப்போதும் புரியவில்லை. ஃபெர்கலுக்குப் புரிந்தது. கொட்டிலில், விரல் கன்றின் வாயில் இருக்க, அப்படியே நின்றான். அவனைத் திட்டத்தான் வாயெடுத்தேன், முடியவில்லை. அவனுக்கும் அந்தக் கம்பிக்கு வெளியே வர வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

என் துண்டையெல்லாம் அவளுக்குச் சுற்றி, மேலே என் கோட்டைப் போட்டு, காரில் உட்காரவைத்தேன். மெஷினை மட்டும் தூக்கிப் போட்டேன். கூடாரத்தை எடுக்கவில்லை. இயேசு படத்துக்கு முன்னால் அது விரிந்தபடி நின்றது, கன்செப்டாவால் அதை மடிக்கவே முடியாது. அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

சாலைக்கு வந்ததும் டெர்வலா திடீரென்று சிரித்தாள். "என் ஜீன்ஸ் இன்னும் அங்க சுத்திக்கிட்டு இருக்கும்."

"எங்கடி இறக்கிவிட?"

"அம்மா வீட்டுல. கல்யாணம் இல்லன்னு பாஸ்டன் அத்தைகிட்ட முதல்ல சொல்லிடறேன். ஊருக்கு அவங்களே சொல்லிடுவாங்க." பிறகு சிரிப்பு போய்விட்டது. "அம்மா அந்த நீலத் தொப்பியைப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க நூலா."

ஹீட்டரைக் கூட்டினேன். அவள் இரண்டு கையையும் அதன் காற்றில் நீட்டினாள். உடம்பெல்லாம் வெளுத்துவிட்டது. விரல் முட்டிகள் மட்டும், வெடிப்பு வெடிப்பாக, கரும்பழுப்பில் அப்படியே இருந்தன. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இது மட்டும் போகவே இல்ல."

"காஞ்ச தோல் உடனே குடிச்சுடும். தேய்க்காதே, புண்ணாயிடும். தானா உதிரும்."

"லான்சரோட்டேல இப்போ வெயில் எப்படி இருக்கும்?"

"கிரீம் போடாம வெளிய போயிடாதே," என்றேன். "உன் தோலுக்குத் தாங்காது."

டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் திறந்து முட்டி முட்டியாகப் பூச ஆரம்பித்தாள்.